உருமிக்கு முன்னால் ஒரு பைத்தியம்

மெட்டல் இசை கேட்கிறவன் காரைக்குடியில் உட்கார்ந்து என்ன பண்ணுவான் என்று சென்னை நண்பர்களுக்கு என்மேல் எப்போதும் ஒரு பரிதாபம். 2007இல் அயர்ன் மெய்டன் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்ததையும், 2009இல் ஐஐடி சாரங் விழாவுக்கு ஓபெத் வந்ததையும், 2011 அக்டோபர் 30ஆம் தேதி அதே பெங்களூரில் மெட்டாலிகா மேடையேறியதையும் அவர்கள் ஸ்தல புராணம் சொல்வதைப்போலச் சொல்லுவார்கள். நான் ஹெட்போனும் கையுமாக வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதெல்லாம் போன வருஷத்தோடு முடிந்தது. இந்தத் தை பிறந்ததிலிருந்து வைகாசி முடிகிறவரை எங்கள் வட்டாரத்தில் திருவிழா திருவிழாவாக, மேளக்காரர்களுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறேன். இப்போது பரிதாபப்படுவது என் முறை. ஐயோ பாவம், அவர்கள் டிக்கெட் வாங்கி, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றல்லவா கேட்டார்கள்! எனக்கும் உருமிக்கும் நடுவில் ஒரு முழம் காற்றுகூட இல்லை!

தையில் கொஞ்சம் சாதுவாகத்தான் ஆரம்பித்தேன். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி கிளம்புகிறதைப் பார்த்தேன், அழகு, பக்தி, பாட்டு எல்லாம் சரி, ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. மாசி பங்குனிக்குக் காத்திருந்தேன். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பங்குனி வெயில், காலை பத்து மணிக்கே தார் ரோடு காலைச் சுடுகிறது, லாரியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே போகிறார்கள், மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக எங்கே பார்த்தாலும் பால்குடம், மஞ்சத்தண்ணியும் வேப்பிலையும் கற்பூரமும் சிந்திய பாலும் ஒன்றாகக் கலந்து ஒரு வாடை. அந்த வாடைக்குள் இன்னொன்று, லேசாகத் தோல் கருகுகிற மணம். ரோட்டோரமாகச் சருகையும் காகிதத்தையும் குவித்துத் தீ மூட்டிப் பறைக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். தோல் சூடேற ஏற விறைக்கும், விறைக்க விறைக்கச் சத்தம் கூர்மையாகும். ஒருத்தர் விரலால் சுண்டிப் பார்க்கிறார், திருப்தியில்லை, மறுபடி தீயில் காட்டுகிறார், இன்னொரு சுண்டு. அந்த ‘டிண்’ கேட்டதும் எனக்கு முதுகுத்தண்டில் சிலிர்த்தது பாருங்கள், கிடாரை டியூன் பண்ணுகிற சத்தத்துக்கே சிலிர்க்கிற ஜாதி நான், இதற்குச் சிலிர்க்காமல் என்ன செய்வேன்?

அப்புறம் அடித்தார்கள். ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, இன்னொரு கையில் கட்டையான அடிக்குச்சி, எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் இறக்குகிறார்கள். காதில் விழுவதற்கு முன்னாலேயே அது நெஞ்சுக்கூட்டில் விழுந்துவிடுகிறது! சட்டை துடிக்கிறது, நிஜமாகவே துடிக்கிறது, குனிந்து பார்த்தேன். நேப்பாம் டெத் குழு 1987இல் வெளியிட்ட ‘ஸ்கம்’ ஆல்பத்தில் ஒன்றேகால் வினாடிச் சொச்சத்தில் முடிந்துபோகிற பாட்டு ஒன்று உண்டு, உலகத்திலேயே சின்னப் பாட்டு என்று நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவோம். அந்த ஒன்றேகால் வினாடி ஆவேசத்தை முத்துமாரியம்மன் வீதியில் நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் அடித்தார்கள். இதற்கு என்ன பேர் வைப்பீர்கள்?

உருமியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள், நீங்களாவது இருங்கள். இடுப்பு ஒடுங்கிய மேளம் அது. ஒரு முகத்தில் அடிப்பார்கள், இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் கிளம்புகிற சத்தம் இருக்கிறதே, கிணற்றுக்குள் விழுந்த எருமை அடிவயிற்றிலிருந்து கத்துகிற மாதிரி ஒரு உறுமல். எங்கள் ஆட்கள் கிடாரில் இந்த உறுமலைக் கொண்டுவர ஆம்ப்ளிஃபயர், பெடல், ஸ்பீக்கர் அடுக்கு என்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். இங்கே வளைந்த ஒரு குச்சி. கரண்ட்டே வேண்டாம்! கரண்ட் போனாலும் நிற்காது! ஒருமுறை தெருவே இருட்டாகி மைக்கெல்லாம் செத்துப்போனது, உருமி மட்டும் இருட்டுக்குள்ளிருந்து உறுமிக்கொண்டே வந்தது, அந்த நேரத்தில் நான் “விடாதீங்கண்ணே!” என்று கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற ஆச்சி திரும்பி, “யாருப்பா இது, இவனுக்கா சாமி வந்திருக்கு?” என்று கேட்டார்கள். வரவில்லை ஆச்சி, ஆனால் வாசல்வரைக்கும் வந்துவிட்டது.

சாமி வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மேளக்காரர்களின் சாமர்த்தியம் தெரியும். கூட்டத்தில் யாருக்கு உடம்பு உதறத் தொடங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கிறவர் உருமிக்காரர்தான். மெல்ல அந்த ஆளை நெருங்குகிறார், உருமியைக் காதருகே கொண்டுபோகிறார், தேய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குகிறார், பம்பைக்காரர் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறார், பெண்கள் குலவை போடுகிறார்கள், அந்தக் குலவைக்கு முன்னால் எந்த நார்வே மெட்டல் பாடகனின் கிறீச்சலும் எடுபடாது, வேகம் ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, இதற்கு மேல் கை போகாது என்று நாம் நினைக்கிற இடத்தில் அவர்கள் இன்னொரு படி ஏறுகிறார்கள், அந்த அம்மா கூந்தல் அவிழ்ந்து ஆட, சுற்றி இளவட்டங்கள் வட்டம் போட்டுக் குதிக்க, என் கண்ணாடி எங்கோ பறந்து விழ, நானும் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்ட, மெட்டல்காரன் ஆட்டுகிற தலைக்கும் சாமியாடியின் தலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் நேரமில்லை!

சரி, மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

தவில்காரர்களின் விரலைக் கவனித்திருக்கிறீர்களா? பலாமரத்தில் குடைந்த அந்தக் கனத்த வாத்தியத்தில் ஒரு பக்கம் பூவரசங்குச்சி, மறுபக்கம் வெறும் கை. வெறும் கை என்றால் வெறும் கை இல்லை, விரல் நுனிகளில் துணியும் பசையும் சேர்த்துக் கல்லாக இறுகவைத்த கூடுகள். முதல் முறை பக்கத்தில் பார்த்தபோது எனக்கு டோனி ஐயோமி நினைவு வந்து தொண்டை அடைத்தது. பிளாக் சப்பாத்தின் கிடார்காரர். பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர், தந்திகள் விரலை உறுத்தாமல் இருக்க அவற்றைத் தளர்த்திக்கொண்டவர். 1970இல் வந்த அவர்கள் முதல் ஆல்பத்திலிருந்துதான் ஹெவி மெட்டலின் கதையையே பலர் தொடங்குகிறார்கள். விரலில் தொப்பி போட்ட ஒருத்தர் அங்கே சாமியாகிவிட்டார். விரலில் கூடு போட்ட நம்மவர்கள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

நையாண்டி மேளத்துக்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம். ஆட்டக்காரர்கள் கொஞ்சம் ஓய்கிற நேரத்தில் நாகசுரம் சட்டென்று ஓர் இளையராஜா மெட்டுக்குள் நுழையும், கூட்டம் ஊளையிடும், தவில்காரர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று மல்லுக்கு நிற்பார்கள். இவர் ஒன்று அடித்தால் அவர் அதை மடக்கித் திருப்பி இரண்டாகத் தருவார். மிருதங்க வித்வான் காரைக்குடி மணி பிறந்த ஊர் இது, லயத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை. பக்கத்து அரியக்குடியில் பிறந்த ராமானுஜ அய்யங்கார்தான் கர்நாடகக் கச்சேரிக்கு இன்றைக்கிருக்கும் ஒழுங்கை வகுத்துக் கொடுத்தார், வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிப்பது என்று. கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நையாண்டி மேளத்துக்கு எது தொடக்கம், எது முடிவு என்று யாராவது வகுத்துவிட முடியுமா? முடியட்டும் பார்க்கலாம்!

செட்டிநாட்டில் கேட்பதற்கென்றே ஒரு யோகம் உண்டு, அது எங்கள் சுவர்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கிற வீடுகள். இரண்டு பக்கமும் அந்த மதில்கள், நடுவில் ஊர்வலம். அடிக்கிற ஒவ்வொரு அடியும் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அதில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீடும் வாசிக்கிறது! ஓரிடத்தில் உருமிக்காரர் திடீரென்று நிறுத்தினார், எதிரொலி தனியாக ஒரு சுற்று ஓடி முடிந்தது, அப்புறம் தொடர்ந்தார். என்ன நுணுக்கம், என்ன ஞானம் என்று உருகிப்போய் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். “செத்த நேரம் சுவரு அடிக்கட்டும் தம்பி, நமக்கும் கை ஓயணும்ல” என்றார். அதற்கும் உருகினேன்.

உச்சம் எது என்று கேட்டால் புரவி எடுப்புதான், சந்தேகமே இல்லை. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் அய்யனாருக்கு மண்குதிரை எடுப்பார்கள். முன்கூட்டியே பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள், அவர் குதிரைகளைச் செய்து சுட்டு வர்ணம் பூசி வைத்திருப்பார். அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள், வரிசையாக மண்குதிரைகள், கழுத்தில் மாலை, மேலே வேட்டி துண்டு, மூங்கிலில் கட்டித் தோளில் ஏற்றுகிறார்கள், ஏற்றிய நொடியில் பறை, உருமி, தவில், கொம்பு எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன, கொம்பு ஆகாயத்தைப் பார்த்து அலறுகிறது, கண்மாய்க்கரைப் புழுதி கிளம்பி வெயில் செம்மஞ்சளாகிவிடுகிறது, தோள்காரர்கள் ஓட ஆரம்பிக்கிறார்கள், குதிரைகள் மேலும் கீழும் எகிற, மேளக்காரர்கள் முன்னால் பின்னோக்கி ஓடிக்கொண்டே அடிக்கிறார்கள், பின்னோக்கி ஓடிக்கொண்டே ஐயா, ஒரு அடி தவறவில்லை, நான் செருப்பை எங்கோ விட்டுவிட்டு முள்ளில் மிதித்ததுகூடத் தெரியாமல் அவர்களோடு ஓடினேன், எதற்காக ஓடினேன், எனக்கு அங்கே என்ன வேலை, தெரியாது, அழுதேன் சிரித்தேன் இரண்டும் சேர்ந்தே நடந்தது, சிங்கப்பூரில் 1992இல் தொடங்கி வேதாந்தத்தை மெட்டலில் கத்தி வருகிற ருத்ரா குழுவினர் மட்டும் அந்தக் கண்மாய்க்கரையில் நின்றிருந்தால் கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் குதிரைக்குத் தோள் கொடுத்திருப்பார்கள்!

குறை ஒன்றும் இல்லையா என்றால், மறுநாள் காதில் ‘கொய்ங்’ என்று ஒரு பூச்சி கத்தும். இரண்டு நாளில் போய்விடும், பெரிய விஷயமில்லை. (டாக்டர் நண்பர் வேறு மாதிரிச் சொல்கிறார், அவர் கிடக்கட்டும்.) வைகாசி வாக்கில் கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழாவின்போது பஞ்சு வைத்துக்கொண்டு போனேன், பஞ்சையும் தாண்டி வந்தது. இன்னொரு சின்ன வருத்தம், சில ஊர்களில் இப்போது கேரளச் செண்டையை வரவழைக்கிறார்கள். செண்டை நல்ல வாத்தியம்தான். ஆனால் உள்ளூர் உருமிக்காரரை ஓரத்தில் நிறுத்திவிட்டு அதை நடுவில் நிறுத்துவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. இந்தப் பறையைச் சாவுமேளம் என்றும், அடிப்பவர்களைத் தள்ளி நில்லென்றும் சொன்ன அதே தெருக்கள்தான் இவை. 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு பறையையும் சட்டியையும் கட்டமோளத்தையும் கிடாரோடு ஒரே மேடையில் ஏற்றியபோது நகரம் திரும்பிப் பார்த்தது. 2025இல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், அன்றைக்கு நான் தனியாளாகத் தெருவில் இனிப்பு கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டவர்கள் “யாருப்பா அவரு?” என்று கேட்டார்கள். மெட்டல் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன் அப்பா பேர்வரைக்கும் தெரிந்து வைத்திருந்த எனக்கே எங்கள் தெரு உருமிக்காரர் பேர் இந்த வருஷம்தான் தெரியும்.

ஆகையால் அடுத்த பங்குனிக்குக் கிளம்பி வாருங்கள். சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் காரைக்குடி. ஓரமாக நின்று போனில் படம் பிடிக்காதீர்கள், போனுக்குள் அந்தச் சத்தம் அடங்காது, பிடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். நேராக உருமிக்கு முன்னால் போய் நில்லுங்கள். அடித்து முடித்ததும் அவர்களிடம் பேரைக் கேளுங்கள், போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஸ்பீக்கர் செட்டு வேண்டாம், அவர்களைக் கூப்பிடுங்கள், பேரம் பேசாதீர்கள். சட்டைப்பையில் நூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொண்டு வாருங்கள், சில்லறை நீட்ட உங்களுக்கே மனசு வராது.