வரிசையில் நிற்கும் பொம்மைகள்

2011 செப்டம்பரில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் படிப்புக்காக வந்ததுதான். ஆனால் கேம் ஓடாத கணினியை எந்தப் பிள்ளை மதிக்கும்? 2 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் எது திக்காமல் ஓடும் என்று தேடுவதே ஒரு ரசனையாக வளர்ந்தது. வைஸ் சிட்டி, ஐ.ஜி.ஐ. போன்ற கேம்கள் எல்லாம் பென் டிரைவில் கைமாறின.

என் ஓட்டு 1999இல் வந்த ‘ரோலர்கோஸ்டர் டைக்கூ’னுக்கு. ஸ்காட்லாந்துக்காரர் கிறிஸ் சாயர் ஏறக்குறைய முழு நிரலையும் அசெம்பிளியில், பிராசஸருக்கு ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். ஒரு சொட்டு வீணில்லை. அக்காலத்து 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 16 எம்பி ராமும் அதற்குப் போதும். அதற்குள் கேளிக்கைப் பூங்கா நிறைய ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பசி, தனித் தாகம், பையில் தனிக் காசு. ராட்டினத்துக்கான வரிசை நீண்டால் முகம் வாடும், முணுமுணுப்பார்கள், விலகியும் போவார்கள். திருமலையில் வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் கம்பார்ட்மென்ட் கதவு திறக்கக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். (அங்கே விலகிப்போகிறவர் அபூர்வம், பெருமாள் வேறு, ராட்டினம் வேறு.)

இன்றைய பெரிய கேம்கள் பல, நூறு ஜிபி கேட்டுவிட்டு, ஓரமாக நடந்துபோகிறவருக்கு ஒரு பசிகூடத் தருவதில்லை.

‘ரோலர்கோஸ்டர் டைக்கூ’னின் இரண்டாம் பாகத்தை வைத்திருப்பவர்கள், தன்னார்வலர்கள் வளர்க்கும் அதன் மறுவடிவமான ‘ஓப்பன் ஆர்.சி.டி.2’ஐ இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸிலும் ஓடும்.