இழுத்தால் நீளும் வண்ணம்

வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீரும் சில சொட்டு உணவு வண்ணமும் கலந்து, வெண்காரம் கரைத்த நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறினால் ஸ்லைம் திரண்டு வரும். பசையிலுள்ள நீண்ட மூலக்கூறு இழைகளை வெண்காரம் குறுக்கே கோக்கிறது. அந்த முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து சேர்பவை. அதனால்தான் மெல்ல இழுத்தால் நீள்கிறது, வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடுகிறது.

1976இல் மேட்டல் நிறுவனம் ஸ்லைமைப் பச்சை நிறத்தில் டப்பாவில் விற்றது. வீட்டிலோ எல்லா நிறமும் நம் கையில். வெண்காரத்தைப் பெரியவர்கள் கரைத்துக் கொடுக்கட்டும். வாயில் வைக்காமல் விளையாடி, பிறகு கை கழுவினால் போதும். துணியில் ஒட்டினால் வினிகர் இளக்கிவிடும்.

நீலமும் மஞ்சளும் தன் விரலிடுக்கில் பச்சையாவதைப் பார்க்கும் குழந்தை, வேதியியலைத் தொட்டே கற்றுக்கொள்கிறது. இதைவிட நல்ல முதல் பாடம் வேறில்லை.