யமஹா ஒய்இசட்250: கார்புரேட்டரை வழிக்குக் கொண்டுவருதல்

டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகளுக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கேடிஎம் தன் 2018 மாடல் எண்டியூரோ வண்டிகளிலேயே அதைப் பொருத்தியது. யமஹா ஒய்இசட்250 இன்னும் கிக்கரை உதைத்து, 38 மி.மீ. கெய்ஹின் பிடபிள்யூகே கார்புரேட்டரோடு ஓடும் பழைய பிறவியாகவே தொடர்கிறது. 249 சிசி, பேட்டரி கிடையாது. இந்த வண்டி பிடிக்குமா பிடிக்காதா என்பதைத் தீர்மானிப்பதே அந்தக் கார்புரேட்டர்தான்.

ட்யூனிங் என்றதும் எல்லோரும் கைவைப்பது மெயின் ஜெட்டில். கழற்ற எளிது என்பது ஒரு காரணம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் பெரிய போல்ட்டைத் திருப்பினால் போதும், ஜெட் கைக்கு எட்டிவிடும். ஆனால் மெயின் ஜெட் முழுதாக வேலை செய்வது முக்கால் த்ராட்டிலுக்கு மேல். வளைவும் கல்லும் வேருமான பாதையில் முக்கால் த்ராட்டில் எத்தனை நொடி தாக்குப்பிடிக்கும்? நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி பைலட் ஜெட்டிலும் நீடிலிலும்தான் கழிகிறது. வேலையை அங்கே தொடங்குவதுதான் சரி.

அதற்கு முன், காற்று எங்கும் கசியவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினால், கிராங்க் சீலையும் இன்டேக் ரப்பரையும் பார்க்காமல் ஜெட்டைத் தொடக் கூடாது. ஓட்டை இருக்கும் இன்ஜினுக்கு எந்த ஜெட்டும் பொருந்தாது.

இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கலாம். அங்கிருந்து கால் சுற்றாக நகர்த்தினால், ஓரிடத்தில் ஐடிலிங் ஏறித் தெளிவாகிறது. இந்த ஸ்க்ரூ காற்றைத்தான் கட்டுப்படுத்துகிறது; உள்ளே திருகினால் பெட்ரோல் மிகும், வெளியே எடுத்தால் குறையும். அந்த நல்ல இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரையைத் தாண்டினால் பெரியது. இவ்வளவு தெளிவாக நம்மிடம் பேசும் உதிரிப்பாகம் வண்டியில் வேறெதுவும் இல்லை.

நீடில்தான் இந்தக் கார்புரேட்டரின் உயிர். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போட்டால் நீடில் மேலே எழும்பி, நடு த்ராட்டிலில் பெட்ரோல் கூடும். வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி தொண்டை கட்டியதுபோல் கரகரத்தால் கிளிப்பை மேலே ஏற்ற வேண்டும். ஒரே ஒரு பள்ளத்தில், பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும் விதமே மாறிவிடுகிறது. கிளட்ச்சைத் தொட வேண்டிய அவசியம் குறைகிறது. குறை என்னவென்றால், இதற்குக் கிளாம்ப்களைத் தளர்த்தி, கார்புரேட்டரைச் சாய்த்து, மேல்மூடியையும் ஸ்பிரிங்கையும் கழற்ற வேண்டும். அந்த இடுக்கில் விரல் நுழைவதே பாடு. இத்தனை வருடம் விற்கும் வண்டியில் யமஹா இதற்கு ஒரு வழி செய்திருக்கலாம்.

உயரமும் கணக்கில் வரும். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தண்டர் வேலி டிராக் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழே கச்சிதமாக ஓடிய ஜெட் அங்கே பிளக்கைக் கறுப்பாக்கும். சிறிய ஜெட் வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது உண்மை. மலையும் சமவெளியுமாக ஒரே நாளில் அலைபவர்களுக்கு அதுவே நல்லது.

அந்தச் சிறிய ஜெட்டோடு மலையிலிருந்து இறங்குபவர்தான் அதிகம் கவனிக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே போகிறது. யமஹா சொல்லும் விகிதம் 30:1. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், ஆயிலும் குறையும், பிஸ்டன் சீஸ் ஆகும். பயந்துபோய் ஆயிலை மட்டும் கூட்டுவதும் உதவாது. ஆயில் கூடினால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோலின் அளவு குறைகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஜெட் சற்றுப் பெரிதாகவே தேவைப்படும். அதனால் மெயின் ஜெட்டை எப்போதும் பெரியதில் தொடங்கி, ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து, முழு த்ராட்டிலில் கரகரப்பு நீங்கியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு எண் குறைத்துப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம்.