முகட்டுக்கு அந்தப் பக்கம்

மணல்மேட்டில் வண்டி ஓட்ட ஆகக் கெட்ட நேரம் எது? புதிதாக வருகிறவர் இரவு என்பார். பழகினவர்கள் உச்சிவெயில் என்பார்கள். சூரியன் தலைக்கு நேராக வந்துவிட்டால் மணலில் நிழல் விழாது. மேடும் பள்ளமும் சேர்ந்து ஒரே வெளிறிய வேட்டியாக விரிந்து கிடக்கும். பத்தடி முன்னால் தரை அறுந்து போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரவிலாவது எதிரே வருகிற வண்டியின் விளக்கொளி முகட்டுக்கு மேலே கசிந்து காட்டிக்கொடுக்கும்.

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லை வரை, ஏறத்தாழ 70 கி.மீ. நீளத்துக்குப் படுத்துக் கிடக்கின்றன இம்பீரியல் மணல்மேடுகள். மணலில் ஓட்டும் டியூன் பக்கி வண்டிக்காரர்கள் வாயில் அது கிளாமிஸ். சில மேடுகள் 90 மீட்டர் உயரம். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு லட்சம் பேருக்கு மேல் டிரெய்லரும் கூடாரமுமாக வந்து இறங்குவார்கள். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் ஆளை விழுங்கும் குழி ஒன்று வருமே, அந்தக் காட்சி படமானதும் இந்த மணலில்தான். நிஜமான குழிகளும் உண்டு. காற்று சுழன்று தோண்டிய அவற்றைச் சூனியக்காரியின் கண் என்கிறார்கள்.

இந்த விளையாட்டின் சூட்சுமம் முழுக்க ஒரு வினாடியில் இருக்கிறது. மேட்டில் காற்று அடிக்கிற பக்கம் சரிவு சாதுவாக ஏறும். மறுபக்கம் மணல் சரிந்து சரிந்து சுமார் 34 பாகையில் நிற்கும். உலர்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது. ஏறுவதற்கு வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் பாதியிலேயே புதைய வேண்டியதுதான். மேலே கொண்டுபோன அதே வேகம், உச்சியில் வண்டியை அந்தரத்தில் வீசிவிடும். தேர்ந்த ஓட்டுநர் உச்சி நெருங்கும்போது காலைச் சற்றே தளர்த்துவார், வண்டியை முகட்டோடு பக்கவாட்டில் ஒடிப்பார், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த பிறகுதான் மூக்கைக் கீழே இறக்குவார். கத்துக்குட்டி நேராக ஏறி வானத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டுவார். நேற்று இதே மேட்டைத் தாண்டியவர்தானே என்று கேட்கலாம். நேற்றிரவு காற்றடித்திருந்தால் அது இதே மேடு இல்லை.

அந்தப் பக்கம் இன்னொருவர் ஏறிக்கொண்டிருந்தால்? அதற்காகத்தான் கொடி. தரையிலிருந்து குறைந்தது 8 அடி உயரத்துக்கு ஒரு துவளும் கம்பம், அதன் நுனியில் ஆரஞ்சோ சிவப்போ ஒரு துண்டுத் துணி. கிளாமிஸில் இது கட்டாயம். வண்டி மறைந்திருக்க, கொடி மட்டும் முகட்டுக்கு மேல் முதலில் தலைகாட்டும். இத்தனை விலையுயர்ந்த விளையாட்டில் ஆளைக் காக்கும் சாதனங்களில் இவ்வளவு மலிவானது வேறில்லை. எழுதி வைக்காத வழக்கம் ஒன்றும் உண்டு: சரிவில் வண்டி சிக்கினால் கூட வந்தவர் முதலில் உச்சிக்கு ஏறி நின்று கையை வீச வேண்டும். வண்டியைத் தள்ளுவதெல்லாம் அப்புறம்.

உள்ளே இருக்கிறவரைக் காப்பதில் இந்தத் துறை நெடுந்தூரம் வந்துவிட்டது. 1964இல் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் உறுப்புகளுக்கு ஃபைபர் கிளாஸ் தொட்டி ஒன்றைப் பொருத்தினார். மேயர்ஸ் மாங்க்ஸ் என்ற பக்கி பிறந்தது. 1967இல் பாஹா தீபகற்பத்தில் நடந்த முதல் 'மெக்சிகன் 1000' போட்டியை மாங்க்ஸ் ஒன்றுதான் வென்றது, 27 மணி 38 நிமிடத்தில். மறு ஆண்டு அதே போட்டியில் மேயர்ஸ் விபத்தில் சிக்கிக் கால்களை முறித்துக்கொண்டார். (ஆயுள் கெட்டி. 2021இல் 94 வயதில்தான் காலமானார்.) 'சாண்ட் ரெயில்' எனப்படும் இன்றைய மணல் வண்டியே ஒரு இரும்புக்கூண்டு. ஐந்து முனை பெல்ட், கழுத்துத் தாங்கி எல்லாம் உண்டு. கைக்கும் வார் உண்டு. வண்டி உருளும்போது எதையாவது பிடிக்கக் கை தானாக வெளியே நீளும். கூண்டுக்கும் தரைக்கும் நடுவே நசுங்குவது அந்தக் கைதான். பல குடும்பங்கள் குழந்தையை ஏற்றும்போது அந்த வாரைத்தான் மறந்துவிடுகின்றன.

கூண்டுக்கு வெளியே இருக்கிறவரின் கதை வேறு. 2010 ஆகஸ்ட் 14, மொஹாவி பாலைவனத்தின் ஜான்சன் பள்ளத்தாக்கு, 'கலிஃபோர்னியா 200' போட்டி. 'ராக்பைல்' என்று பெயர்பெற்ற ஒரு துள்ளல் மேடு. வண்டிகள் பறப்பதைப் பார்க்க அங்கேதான் கூட்டம் நெருக்கும். தடுப்பு கிடையாது. தடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே சில அடிகள். இருட்டத் தொடங்கிய வேளையில் பந்தய டிரக் ஒன்று துள்ளி இறங்கியது, கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் உருண்டது. 8 பேர் மாண்டார்கள். எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார், கூண்டு தன் வேலையைச் செய்துவிட்டது.

அனுமதிச் சீட்டில் விதி இல்லாமல் இல்லை. பார்வையாளருக்கு 50 அடிக்குள் வரும் வண்டி மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. வண்டி பறக்க வேண்டும் என்பதற்காகவே ஜனங்கள் நிற்கும் இடத்தில் 15 மைல்! அந்த வரியை எழுதியவர் ராக்பைலில் ஒரு சனிக்கிழமையாவது நின்றிருப்பாரா என்பது என் சந்தேகம். அது அரசு நிலம்; நிலத்தின் பொறுப்பு நிலமேலாண்மைத் துறையுடையது. அந்தத் துறை தன் சொந்த நடைமுறைகளையே பின்பற்றவில்லை என்று அதன் விசாரணையே பின்னர் ஒப்புக்கொண்டது. 1955இல் லெ மான்ஸ் பந்தயத்தில் பார்வையாளர்கள் 80 பேருக்கு மேல் இறந்தபோதே உலகம் கற்றிருக்க வேண்டிய பாடம் இது.

ராக்பைலில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் போனார்கள்; அதனால் விசாரணை நடந்தது, ஏன் என்று கேட்டார்கள். மணல்மேடுகளில் ஒவ்வொருவராகத் தனித்தனியாகப் போகிறவர்களுக்கு நடப்பது வேறு. இந்தப் பக்கிக்காரர் கூட்டத்துக்குத் துக்கம் காக்கத் தெரியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பின் தெரியாதவர்கள் குடும்பத்துக்குப் பணம் திரட்டுவார்கள். மறு சீசனில் நினைவு ஊர்வலம் போகும். பிக்கப்பின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்: பெயர், பிறந்த ஆண்டு, போன ஆண்டு, சின்னதாய் ஒரு பக்கி படம். பிடித்ததைச் செய்துகொண்டே போனார் என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். மேலே கேட்டால் செத்தவரைக் குற்றம் சொல்வதாக ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம். கிரிக்கெட்டில் ஒரு கேட்ச் நழுவினால் பத்துக் கோணத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம்; இங்கே ஓர் உயிர் போனால் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

அந்த ஸ்டிக்கரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றுவது இதுதான்: அப்போது மணி என்ன? வெயில் எந்தப் பக்கம் இருந்தது? முந்தின இரவு காற்றடித்ததா? கம்பத்தில் கொடி இருந்ததா, நிழற்குடையில் உரசி முந்தின நாளே ஒடிந்து போயிருந்ததா? முகட்டில் யாராவது ஏறி நின்றார்களா?