வகைதேடியவன்

ஞாயிறு பள்ளியில் சகேயு நமக்கு ஒரு வேடிக்கை ஆள். குள்ளன்; மரத்தில் ஏறினான்; இயேசு கூப்பிட்டார்; இறங்கினான். ஒரு சிறுவனை நாற்காலிமேல் ஏற்றிவிட்டால் நாடகம் முடிந்தது. வளர்ந்தபின் லூக்கா 19ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களை நிதானமாக வாசித்தால்தான் தெரிகிறது, முழு இருதயத்தோடு தேடுவதன் சித்திரம் இது என்று. 'இருதயம்' என்ற சொல்லோ அதில் ஓரிடத்திலும் இல்லை.

எரிகோ, கடல்மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே கிடக்கும் ஊர். பேரீச்சையும் பரிமளத் தைலமும் விளைந்த செழிப்பு. எருசலேமுக்கு ஏறும் சாலை. சுங்கம் கொழிக்க வேறென்ன வேண்டும்? சகேயு அங்கே ஆயக்காரருக்குத் தலைவன். பெயருக்கு எபிரெயத்தில் 'தூயவன்' என்று பொருள். ஊரார் அந்தப் பெயரை எந்தத் தொனியில் உச்சரித்திருப்பார்கள் என்பதை லூக்கா நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார்.

இயேசுவைப் பார்க்க அவன் ஆசைப்பட்டான் என்று எழுதியிருக்கலாம். நம் பழைய தமிழ் வேதாகமம் 'வகைதேடினான்' என்கிறது. என்ன அருமையான சொல்! ஆசைப்படுகிறவன் உட்கார்ந்த இடத்திலேயே ஆசைப்படலாம். வகைதேடுகிறவனுக்குக் கால் தரிக்காது.

மறைத்தது கூட்டம். முந்தின அதிகாரத்தின் முடிவில் ஒரு குருடன் கூப்பிட்டபோது அவனை அதட்டியதும் கூட்டந்தான். அவனுக்குக் கண் இல்லை, குரல் இருந்தது; இன்னும் உரக்கக் கத்தினான். இவனுக்குக் கண் உண்டு, உயரம் இல்லை. இருவருக்கும் குறுக்கே நின்றவர்கள் இயேசுவோடு நடந்து வந்தவர்கள். கோயிலில் முன்வரிசையில் உட்காருகிற நாம் இந்த இடத்தைச் சற்று மெதுவாக வாசிப்பது நல்லது.

முன்னாக ஓடினான், ஏறினான். லூக்கா அவனுடைய ஏக்கத்தை வருணிக்கவில்லை. இரண்டு வினைச்சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார். அந்நாளில் மதிப்புள்ள பெரிய மனிதர் தெருவில் ஓடுவதில்லை. அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆயத்தலைவனைப் பார்த்து எத்தனை கடனாளிகள் சிரித்திருப்பார்களோ!

ஏறிய மரத்தையும் பார்க்க வேண்டும். காட்டத்தி, நம் அத்திக்கு உறவு; அதைப்போலவே அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும். கிளைகள் தாழ்வாகவே பிரிவதால் குள்ளனுக்கும் ஏற வசதி. பழமோ ஏழைகளின் உணவு. தீர்க்கதரிசி ஆமோஸ் பண்படுத்திய மரமும் இதுதான். ஊர்ப்பணத்தையெல்லாம் பெட்டியில் அடைத்தவன் ஏழைகளின் மரத்தில் தொங்குகிறான்.

பார்க்க ஏறியவனை, அவன் பார்க்க வந்தவரே அண்ணாந்து பார்க்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அறிமுகம் செய்துவைத்தவர் யாரும் இல்லை. சீக்கிரமாய் இறங்கச் சொல்கிறார். இவனும் சீக்கிரமாய் இறங்குகிறான். சொன்ன சொல்லே செயலாகத் திரும்பி வருகிறது, கூடவே சந்தோஷமும்.

பாவியின் வீட்டில் இயேசு தங்கப் போகிறார் என்று ஊர் முறுமுறுக்கிறது. சகேயு வாதாடவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றி வாங்கியதற்கு நாலத்தனை. திருடிய ஆட்டை அடித்தவன் அல்லது விற்றவன் நாலு ஆடு தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். தானாக ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தந்தால் போதும். இவனோ தானாக ஒத்துக்கொண்டும் திருடனுக்குரிய கணக்கையே எடுத்துக்கொள்கிறான். வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தவன் நஷ்டக் கணக்கை மனமாரத் தேர்ந்த நாள் அது. போன அதிகாரத்தில் எல்லாவற்றையும் விற்றுக் கொடுக்கச் சொன்னபோது துக்கப்பட்ட தலைவன் ஒருவன் உண்டு. அவனிடம் இயேசு கேட்டார்; இவனிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசி வசனத்தில் தேடுதல் என்ற அந்தச் சொல் திரும்ப வருகிறது. கிரேக்க மூலத்தில் மூன்றாம் வசனத்திலும் பத்தாம் வசனத்திலும் வினை ஒன்றே. தமிழிலும் இரண்டு இடத்திலும் 'தேடு'. எழுவாய்தான் வேறு. அங்கே தேடினவன் சகேயு. இங்கே தேட வந்தவர் மனுஷகுமாரன். முதல் வசனம் அவரை எரிகோ வழியாய் நடந்துபோகிறவராகவே காட்டியிருந்தது. கடந்துபோகிறவர் ஒரு மரத்தடியில் நின்றாரே, அது வழியில் நேர்ந்த தாமதமா, அல்லது அந்த மரத்தடிக்கு வரத்தான் அந்த வழியா?