கழற்றி வைக்கக்கூடிய தோல்

1

'பட்டாத்தான் தெரியும்' என்று நம்ம சனங்க சொல்வதற்கு ஒரு பொருள் உண்டு. அதையே கணினி உலகத்தைக் கட்டி விற்கிறவர்கள் சொல்லும்போது அதற்கு வேறு பொருள். திரைக்குள் ஓர் உலகத்தை உண்டாக்கி, அதில் மாணவருக்கு ஓர் உடம்பைக் கொடுத்து, அந்த உடம்போடு நடக்கவிட்டுப் பாடம் கற்பிக்கும் முறை இன்று மெய்நிகர்க் கல்வி என்ற பெயரில் பரவிக்கொண்டிருக்கிறது. தவளையை அறுக்காமலே அறுத்துப் பார்க்கலாம். எரிமலைக்குள்ளே இறங்கிப் பார்க்கலாம். நல்லதுதான். இதோடு நமக்குச் சண்டை கிடையாது. ஒடுக்கப்பட்ட மனிதரின் உடம்பை எடுத்து, 'இந்தா, கொஞ்ச நேரம் இதைப் போட்டுப் பார்' என்று மாணவரிடம் நீட்டும்போதுதான் நம் சண்டை தொடங்குகிறது.

'அது அமெரிக்கா விவகாரம், நமக்கென்ன?' என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பாந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்பினப் போராட்டத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் படைக்க முடியுமா, அனுதாபமும் அனுபவமும் ஒன்றா என்று 1990களில் தமிழ்ச் சிற்றிதழ்களில் நாம் மல்லுக்கு நின்றோம். அதே காலத்தில் அதே கேள்வி அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் கணினி அறைக்குள்ளும் வெடித்தது. அந்த வெடிப்பைப் படித்துப் பார்ப்பது நமக்கு நம்மையே படித்துப் பார்ப்பதுதான்.

2

மினசோட்டா மாநிலம் 1973இல் தொடங்கிய கல்விக் கணினி அமைப்பு எம்.இ.சி.சி. அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு தலைமுறையே இதன் 'ஓரிகான் டிரெயில்' ஆட்டத்தை வகுப்பில் ஆடி வளர்ந்தது. 1971இல் மினியாபொலிஸில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் முதலில் எழுதியது அது. மாட்டு வண்டியில் மேற்கு நோக்கிப் போகும் வெள்ளையக் குடியேறிகளாக மாணவர்கள் மாறுவார்கள். சாப்பாடு எவ்வளவு மிச்சம், உடம்பு எப்படி, இன்னும் எத்தனை மைல் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். போகிற நிலம் யாருடைய நிலம் என்பது அந்தக் கணக்கில் வராது.

இதே அமைப்பு 1990களின் தொடக்கத்தில் 'ஃப்ரீடம்!' என்ற ஆட்டத்தைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. இதில் மாணவர் தெற்கிலிருந்து தப்பி ஓடும் ஓர் அடிமை. 'நிலத்தடி இரயில் பாதை' என்று அழைக்கப்பட்ட, இரயிலும் இல்லாத பாதையும் இல்லாத, மறைவிடங்களும் வழிகாட்டிகளும் மட்டுமே கொண்ட அந்த ரகசியத் தொடர்பைப் பிடித்து வடக்கே போய்ச் சேர வேண்டும். பசி, நாய், ஆறு, வேட்டையாடும் கும்பல் எல்லாம் வழியில் வரும். இதை உருவாக்கியவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. மினசோட்டாவின் காடுகளில் இந்தத் தப்பி ஓட்டத்தை மாணவர்களோடு இரவில் நடித்துக் காட்டிவந்த கமாவ் கம்புய் என்ற கறுப்பினக் கல்வியாளரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் கறுப்பினப் பெற்றோர்கள் கொதித்தார்கள். எங்கள் முன்னோர் பட்ட பாடு உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டார்கள். பாத்திரங்களின் உருவமும் பேச்சும் இழிவாக இருக்கிறது என்றார்கள். 1993இல் நிறுவனம் ஆட்டத்தைத் திரும்பப் பெற்றது. 1995இல் அரிசோனாவில் இதன்பேரில் வழக்கும் வந்தது.

'அரசியல் சரித்தன்மை பார்க்கிறவர்கள் ஒரு நல்ல பாடத்தைக் கொன்றுவிட்டார்கள்' என்று இன்றும் சிலர் புலம்புகிறார்கள். புலம்பலை விட்டுவிட்டு அந்தப் பிரதிக்குள் போய்ப் பார்ப்போம்.

முதலில் அதன் அச்சு. நிலத்தைப் பிடிக்கப் போனவனுக்காகச் செய்த வண்டியில், தன் உடம்பையே மீட்க ஓடியவரை ஏற்றியிருக்கிறார்கள். அதே சாப்பாட்டுக் கணக்கு, அதே உடல்நிலைக் கணக்கு, அதே மைல் கணக்கு. சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. குடியேறியின் பயணம் இயற்கையோடு நடக்கும் மல்லுக்கட்டு. அதற்கு அந்த அச்சு பொருந்தலாம். அடிமையின் ஓட்டம் அப்படியா? ஆறும் குளிரும் பசியும் அவருக்குத் துன்பம்தான். ஆனால் அவற்றை அவர் தலையில் கட்டியது ஒரு சட்டம், ஒரு சந்தை, ஒரு சொத்துரிமை. மனிதரைச் சொத்தாக எழுதி வைத்திருந்த கணக்குப் புத்தகத்தை இந்த ஆட்டம் எந்த மாணவர் கையிலும் கொடுக்கவில்லை. ஓடுகிறவரின் உடம்பைத்தான் கொடுத்தது. அதனால் மாணவர் தோற்றால், 'நான் சரியா ஓடல' என்றுதான் கற்றுக்கொள்வார். துரத்தியது யார், எதற்கு என்ற கேள்வி வகுப்புக்கு வெளியே நின்றுவிடும்.

3

அந்தப் பிரதியில் ஒரே ஓர் இடத்தை நான் காப்பாற்றி வைக்க விரும்புகிறேன். பாத்திரத்துக்குப் பாத்திரம் திறமைகள் மாறும். சிலருக்கு எழுத்துத் தெரியும், சிலருக்குத் தெரியாது. எழுத்துத் தெரியாதவராக ஆடும்போது வழியில் வரும் பலகைகள் எல்லாம் குழம்பிப்போன எழுத்துக்களாகத் தெரியும். படிக்கத் தெரிந்த பிள்ளை திரைமுன் உட்கார்ந்து படிக்க முடியாமல் திகைக்கும்.

இது சரியான பாடம். அந்தக் குழப்பம் தானாக வந்ததில்லை. தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தடை செய்தது. வட கரோலினா 1830இல் எழுதவும் படிக்கவும் கற்பிப்பதைத் தடை செய்தது. ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில், பால்டிமோரில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய எசமானியை அவள் கணவன் தடுத்த இடம் வருகிறது. எதைக் கண்டு எசமானன் பயப்படுகிறானோ அதில்தான் தன் விடுதலை இருக்கிறது என்று அந்தச் சிறுவன் அங்கேயே பிடித்துக்கொள்கிறான். பிறகு தெருவில் பசித்திருந்த வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்தை வாங்குகிறான். படிக்கவிடாமல் வைத்தார்கள் என்ற செய்தியை 'ஃப்ரீடம்!' அந்தக் குழம்பிய பலகைகளில் நெருங்கிவந்தது. ஆனால் பலகையைக் குழப்பியது யார் என்று சொல்லாமல் நகர்ந்துவிட்டது. டக்ளஸின் பிரதியில் எசமானன் இருக்கிறான், அவன் பயம் இருக்கிறது, அவன் போட்ட தடை இருக்கிறது. ஆட்டத்தில் தடை மட்டும் இருக்கிறது.

பேச்சு மொழி விவகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் எழுத்தாளர்கள் சேரி மொழியை அச்சில் ஏற்றியபோது 'கொச்சை' என்று மூக்கைப் பொத்தியவர்களை நாம் மறக்கவில்லை. அப்படியானால் ஆட்டத்தில் அடிமைகளின் பேச்சு மொழி வந்ததை நாம் வரவேற்க வேண்டாமா? வேண்டாம். பாமா 'கருக்கு'வில் தன் சனங்களின் மொழியில் எழுதியபோது அது அவர் வாய். அவர் கோபமும் கிண்டலும் அதில் கலந்திருந்தன. வேறொருவர் செய்த பொம்மையின் வாயில் அதே மொழி வரும்போது, வகுப்பில் மற்ற பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பதற்கான சரக்காகிவிடுகிறது. 1936 முதல் 1938 வரை முன்னாள் அடிமைகளின் வாக்குமூலங்கள் ஆயிரக்கணக்கில் எழுதி எடுக்கப்பட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சொன்னது யார் என்பதோடு எழுதியது யார் என்றும் கேட்டுத்தான் அவற்றை இன்று வாசிக்கிறார்கள். அந்தக் கேள்வி ஆட்டத்துக்கும் பொருந்தும்.

4

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் ஒரு நாள் வாத்தியார், 'ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்கடா' என்பார். எழுந்து நிற்போம். எண்ணிக்கொண்டு உட்காரச் சொல்வார். அந்த இரண்டு நிமிடத்தில் எங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியவந்தது. ஒரே வகுப்பில் ஒருத்தனின் உடம்பு இன்னொருத்தனுக்குப் பாடமாகிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

'ஃப்ரீடம்!' ஆடிய வகுப்பில் கறுப்பினக் குழந்தையின் நிலை இதுதான். உலகத்தைக் கட்டியவர் மனதில் இருந்த மாணவர், காயம் படாதவர். அவருக்குக் காயத்தை அறிமுகம் செய்து வைக்கத்தான் இத்தனை ஏற்பாடும். ஏற்கனவே காயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அங்கே மாணவர் இடம் இல்லை, பாடப்பொருள் இடம்தான். தன் பாட்டன் பட்ட அவமானம் திரையில் ஓட, பக்கத்து மேசைக்காரன் 'நீ செத்துட்டியா, நான் தப்பிச்சிட்டேன்' என்று கத்துவதை அது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இது ஒரே ஒரு பழைய ஆட்டத்தின் குறை என்று தள்ளிவிட முடியவில்லை. நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டி. பொதுத் தொலைக்காட்சி 2012இல் வெளியிட்ட 'ஃப்ளைட் டு ஃப்ரீடம்' பகுதியில் மாணவர், 1848இல் கென்டக்கியில் அடிமையாக இருக்கும் லூசி என்ற பதினான்கு வயதுப் பெண். பணிந்து போவதா, வேலையைக் கெடுப்பதா, ஓடுவதா என்று தேர்வு செய்துகொண்டே போக வேண்டும். எதிர்ப்புக்கு இடம் கொடுத்திருப்பது முன்னேற்றம்தான். ஆனால் தேர்வே இல்லாத வாழ்க்கையைத் தேர்வுப் பட்டியலாக மாற்றினால், விடுதலை அடையாதவர் சரியாகத் தேர்வு செய்யாதவர் என்றாகிவிடும்.

கோபன்ஹேகன் நிறுவனம் ஒன்று செய்த 'பிளேயிங் ஹிஸ்டரி 2: ஸ்லேவ் டிரேட்' இன்னும் கீழே போனது. கப்பலின் அடித்தளத்தில் மனித உடம்புகளை, டெட்ரிஸ் கட்டைகளைப்போல இடைவெளி இல்லாமல் அடுக்கும் ஒரு பகுதி அதில் இருந்தது. எவ்வளவு நெருக்கி அடைத்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்கத்தான் என்றார்கள். 2015இல் கண்டனம் கிளம்பியதும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று. இங்கே மாணவர் கையில் கிடைத்தது அடைப்பவனின் வேலை. ஆனால் அவனுடைய லாபமும் அவனுடைய குற்றமும் கூடவே தரப்படவில்லை. அடுக்கும் சாமர்த்தியம் மட்டும் தரப்பட்டது.

5

இப்போது வி.ஆர். ஹெட்செட் வந்திருக்கிறது. தலையில் மாட்டினால் சுற்றிலும் வேறு உலகம். குனிந்து பார்த்தால் வேறு கை, வேறு தோல். ஜோர்டானின் சாத்தரி முகாமில் வாழ்ந்த பன்னிரண்டு வயது சிரிய அகதிச் சிறுமியைப் பற்றிய 'கிளவுட்ஸ் ஓவர் சித்ரா' என்ற படத்தை 2015இல் டாவோசில் உலகப் பணக்காரர்களுக்கு மாட்டிக் காட்டினார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க் அதே ஆண்டு இந்தக் கருவிக்கு 'பரிவு இயந்திரம்' என்று பெயர் சூட்டினார். பரிவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது!

2018இல் வந்த '1000 கட் ஜர்னி' இவற்றில் பொறுப்பான படைப்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பெண் ஆய்வாளர் கோர்ட்னி கோக்பர்ன் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து செய்தது. பார்ப்பவர் மைக்கேல் என்ற கறுப்பினச் சிறுவனாகி வகுப்பறைத் தண்டனையையும், வளர்ந்தபின் போலீசையும், வேலையிடப் பாகுபாட்டையும் எதிர்கொள்கிறார். இதில் ஆறும் நாயும் எதிரி இல்லை. வாத்தியாரே வருகிறார், போலீசே வருகிறது. ஒடுக்குகிறவருக்கு முகம் கிடைத்திருக்கிறது. இதுதான் இதன் பலம்.

ஆனால் தோலை மாட்டினால் மனம் மாறுமா? ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 2009இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், மெய்நிகர் வேலை நேர்காணலில் கறுப்பின உடம்பை அணிந்தவர்களிடம் மறைமுக இனச்சார்பு கூடியே காணப்பட்டது. 2013இல் பார்சலோனாவில் செய்த ஆய்வில் கறுப்புத் தோல் அணிந்த வெள்ளைப் பெண்களிடம் அது குறைந்தது. தோல் தானாக எதையும் கற்பிப்பதில்லை. எந்த உலகத்துக்குள் அந்தத் தோல் நடக்கிறது என்பதே கற்பிக்கிறது.

லிசா நகமுரா 1995இலேயே, எழுத்தால் மட்டும் கட்டப்பட்ட லாம்ப்டாமூ என்ற இணைய உலகத்தில் வெள்ளையர்கள் சாமுராய் போன்ற ஆசிய வேடங்களை மாட்டிக்கொண்டு திரிந்ததைக் கவனித்து, அதற்கு 'அடையாளச் சுற்றுலா' என்று பெயர் வைத்தார். சுற்றுலாக்காரரிடம் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறவரிடமும் அது இருக்கிறது. அவர் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கண்ணீர் அவரை நல்லவராக உணரவைத்து அனுப்பிவிடுகிறது என்கிறேன். அவர் வாடகைக்கு வீடு விடும்போது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது, ஆளை வேலைக்கு எடுக்கும்போது என்ன செய்கிறார் என்பதை எந்த இயந்திரமும் பின்தொடர்வதில்லை.

6

இங்கேயும் ஒருநாள் யாராவது வருவார்கள். 'சேரியை அனுபவியுங்கள்', 'இரட்டைக் குவளையில் டீ குடித்துப் பாருங்கள்' என்று ஒரு மெய்நிகர் உலகத்தைக் கட்டிப் பள்ளிகளுக்குக் கொண்டுவருவார்கள். நல்ல மனசோடுதான் வருவார்கள். அன்றைக்கு நாம் கேட்க வேண்டியதை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வோம்.

இந்த உலகத்தைக் கட்டும் மேசையில் எங்களில் எத்தனை பேர், ஆலோசகராக இல்லாமல் முடிவெடுப்பவராக உட்கார்ந்திருக்கிறார்கள்? வகுப்பில் எங்கள் பிள்ளைக்கு இதில் கற்க என்ன இருக்கிறது, அதைப் பார்த்து மற்றவர்கள் கற்பதைத் தவிர? தனிக் குவளையை வாங்கி வைத்த கை, அதைக் கழுவச் சொன்ன வாய், ஊர்க்கூட்டத்தில் அதைக் கட்டுப்பாடாக்கிய தீர்மானம் இந்த உலகத்தில் எங்கே இருக்கின்றன?

முடிந்தால் தலைகீழாகக் கட்டுங்கள். ஆதிக்க சாதி மாணவருக்கு எங்கள் உடம்பு வேண்டாம். அவருடைய பாட்டன் உடம்பையே கொடுங்கள். டீக்கடை முதலாளியாக நிற்கட்டும். நிலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். கிணற்றுக்கு வேலி போடலாமா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கட்டும். வேலியால் அவருக்கு வரும் ஆதாயம் திரையின் மூலையில் கணக்காக ஏறிக்கொண்டே இருக்கட்டும். அந்தத் தோலைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனாலும், வீட்டில் அதே பத்திரம் பெட்டிக்குள் இருக்கும்.