சொன்ன எண்ணும் வந்த எண்ணும்

ஏப்ரலில் ஆண்டுக் கணக்கை வெளியிடும்போதே, அடுத்த நிதியாண்டில் வருவாய் எத்தனை சதவீதம் வளரும், செயல்பாட்டு லாப விகிதம் எந்த எல்லைக்குள் நிற்கும் என்றும் இன்ஃபோசிஸ் சொல்லிவிடும். சந்தையில் இதற்கு 'கைடன்ஸ்' என்று பெயர். முடிந்துபோன ஆண்டின் லாபத்தைவிட இதற்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். 2013 ஏப்ரலில் வளர்ச்சி 6 முதல் 10 சதவீதம் என்று நிறுவனம் சொன்ன அன்று, பங்கு ஒரே நாளில் சுமார் 21 சதவீதம் சரிந்தது.

வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. எந்த வாடிக்கையாளர் செலவைச் சுருக்குகிறார், எந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் நிர்வாகத்துக்குத்தான் முதலில் தெரியும். அதை ஓர் எண்ணாக்கி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால், பெரிய ஃபண்டுகள் தனியாக விசாரித்துத் தெரிந்துகொள்ள மிச்சம் அதிகம் இராது. டிசிஎஸ் இப்படி எண் தருவதில்லை. அதன் அதிகாரிகள் நம்பிக்கையையும் கவலையையும் வார்த்தைகளில் சொல்வதோடு சரி. ஆண்டு முடிவில் வார்த்தையை எடுத்துவைத்து அளக்க முடியாது. எண்ணை அளக்கலாம்.

அளந்தால் கிடைப்பது விசித்திரமான படம். நாணய மாற்று ஏற்ற இறக்கம் நீக்கிய கணக்கில், 2021-22க்கு ஏப்ரலில் சொன்னது 12–14 சதவீதம், வந்தது 19.7. அடுத்த ஆண்டு 13–15, வந்தது 15.4. 2023-24க்கு 4–7, வந்தது 1.4. 2024-25க்கு 1–3; வந்தது 4.2. நான்கு ஆண்டும் எல்லைக்கு வெளியே.

வேண்டுமென்றே குறைத்துச் சொல்லிவிட்டுத் தாண்டிக் காட்டுகிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. 2023-24 அதற்குப் பொருந்தவில்லை. ஜனவரித் திருத்தங்களைப் பார்த்தால் குற்றச்சாட்டு இன்னும் பலவீனமாகிறது. காலாண்டுக்கு ஒருமுறை கணிப்பைத் திருத்துவது வழக்கம். தேர்வு எழுதுகிறவரே நடுவில் தேர்ச்சி மதிப்பெண்ணை மாற்றிக்கொள்வது மாதிரிதான். அப்படி மாற்றியும் 2023 ஜனவரியில் சொன்ன 16–16.5, 2024 ஜனவரியில் சொன்ன 1.5–2, 2025 ஜனவரியில் சொன்ன 4.5–5 மூன்றுமே எட்டப்படவில்லை. ஆண்டு முடிய இரண்டரை மாதமே இருந்த நேரம் அது. முதல் முறை எல்லையின் அகலம் அரை சதவீதப் புள்ளி. தவறிய தூரமோ 0.6. இதைச் சூழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாத ஒன்றைத் துல்லியமாகத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் என்பேன். ஜனவரியிலும் எல்லையை அகலமாகவே வைத்திருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

லாப விகிதத்தின் கதை வேறு. இதே நான்கு ஆண்டுகளில் வந்தவை 23, 21, 20.7, 21.1 சதவீதம். நான்கும் ஏப்ரலில் சொன்ன எல்லைக்குள். காரணம் எளிது. வருவாய் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் பட்ஜெட்டில் இருக்கிறது. செலவு நிர்வாகத்தின் கையில். எத்தனை பேரை எடுப்பது, யாருக்கு எப்போது சம்பளம் உயர்த்துவது என்பதையெல்லாம் தாங்களே தீர்மானிப்பவர்கள் அதன் விளைவைச் சரியாகச் சொல்வதில் வியப்பில்லை.

ஆபத்தும் இங்கேதான். அமெரிக்காவில் ஜான் கிரஹாம், கேம்ப்பெல் ஹார்வி, சிவராம் ராஜ்கோபால் மூவரும் 400க்கும் மேற்பட்ட நிதி அதிகாரிகளிடம் நடத்தி, 2005இல் வெளியிட்ட ஆய்வில், லாப இலக்கைத் தொடுவதற்காக ஆராய்ச்சி, விளம்பரம் போன்ற செலவுகளைக் குறைப்போம் என்று ஏறக்குறைய ஐந்தில் நால்வர் ஒப்புக்கொண்டார்கள். ஐடி சேவை நிறுவனத்தில் பெருஞ்செலவு ஆட்கள்தான். 2023இல் வழக்கமாக ஏப்ரலில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் ஊதிய உயர்வை இன்ஃபோசிஸ் நவம்பருக்குத் தள்ளியது. தேவை சுருங்கிய ஆண்டு என்பதால் எல்லையைக் காப்பாற்றவே தள்ளினார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 20–22 என்ற எல்லைக்குள் 20.7 வந்து நின்றதில் அந்த ஏழு மாதங்களின் பங்கு எவ்வளவு என்பதை, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் ஊழியர் மட்டுமல்ல, பங்கு வைத்திருப்பவரும் கேட்கலாம்.